முட்டியைக் காட்டிடு

எதிர்க் கம்பெனி ஷோரூமுக்குக் கிளம்பிய அன்று என் வீட்டுக்காரர் தொப்பி போட்டுக்கொண்டார். வெயில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, வானம் மூடிக் கிடந்தது.

"எதுக்குத் தொப்பி? எங்கயாவது திருடப் போறோமா?" என்றேன்.

"உனக்கென்ன? யாராவது பாத்துட்டா நாளைக்குத் தலை குனிஞ்சு நிக்கப் போறது நான்தானே" என்றார்.

அவர் கார் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். உள்நாட்டுக் கம்பெனி. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து, இன்று தலை நரைத்து, ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டார். தெருவில் அவருக்குக் கம்பெனிக்காரர் என்றுதான் பெயர். ஆனால் அவர் வாயில் கம்பெனி என்ற சொல் வராது. நம்ம என்பார். நம்ம வண்டி, நம்ம கேட், நம்ம சர்வீஸ். சாலையில் நடந்து போகும்போது என் தோளைத் தட்டி, "பாரு, நம்மது ஒண்ணு போகுது" என்று பெற்ற பிள்ளையைக் காட்டுவது மாதிரி காட்டுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த விஷயத்தில் மட்டும் நான் அவரை ரொம்பக் கிண்டல் செய்ததில்லை.

மற்ற விஷயங்களில் விட்டு வைத்ததில்லை. வண்டியைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் யாரோ நோயாளியைப் பற்றிப் பேசுவதாகத்தான் தோன்றும். முன்பக்க மூடி அவருக்கு மூக்கு. பின்பக்கத் தகடு முதுகு. அடித்தகடு வயிறு. "இன்னிக்கு நாலு மூக்கு கோணல்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வருவார். எலும்பு டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே சில நாள் குழப்பம் வரும். தொழிற்சாலைப் பேச்சு எது, ஊர்ப் பேச்சு எது என்ற வித்தியாசம் அந்த மனிதருக்கு எப்போதோ அழிந்துபோயிருந்தது.

தொழிற்சாலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. கூரை போட்ட வண்டி நிறுத்தம் நம்ம வண்டிக்கு மட்டும்தான். வேறு எதில் வந்தாலும் மதில் சுவருக்கு வெளியே புழுதியில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டும். பெயின்ட் பிரிவில் ஒருவர், மாமனார் வாங்கிக் கொடுத்தார் என்று எதிர்க் கம்பெனி காரில் வந்து இறங்கினார். அன்றைக்கே அவருக்குச் 'சம்பந்தி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஓய்வு பெற்ற அன்று மேனேஜரே மைக்கைப் பிடித்து, "நம்ம சம்பந்தி அவர்கள்" என்று ஆரம்பித்தாராம். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது அவருக்கே அந்தக் கதி வரப் போகிறதே என்ற பயம்தான் அந்தத் தொப்பி.

வெளிநாட்டு வண்டி என்ற பேச்சுக்கே எங்கள் வீட்டில் இடம் கிடையாது. "அதுல என்னை ஏத்தினா பாதி வழியில இறங்கி நடந்துடுவேன்" என்பார். உள்நாட்டு வண்டி என்றால் இரண்டே கம்பெனி. ஒன்று நம்ம, இன்னொன்று அவங்க. அவங்க வாசலை மிதிக்க அவர் சம்மதித்தது என் பிடிவாதத்தால். என் பிடிவாதத்துக்குக் காரணம் என் தம்பி.

தம்பி செய்தித்தாள் அச்சடிக்கும் இடத்தில் இயந்திரம் ஓட்டியவன். எப்போதும் இரவுப் பணிதான். சின்ன வயதிலிருந்தே ராத்திரியில் கண்ணைக் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். அந்த வேலைக்கென்றே பிறந்தவன் என்று வீட்டில் சொல்வோம். கார் வாங்க வேண்டும் என்று அவன் வாயெடுத்தவுடனே என் வீட்டுக்காரர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். எந்த நிறம், எந்த மாடல், எல்லாம் அவர்தான். வண்டி கைக்கு வந்த நாளில் தம்பியைவிட அவருக்குத்தான் வாய் கொள்ளாத சிரிப்பு. தம்பிக்கும் மாமா என்றால் உயிர். மாமா நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். கட்டிக்கொண்ட நான்கூட அவ்வளவு பேச்சுக் கேட்டதில்லை.

அந்த வண்டி வாங்கி ஒரு வருஷம்போல் ஆகியிருக்கும். ஒரு நாள் மதியம் தம்பி கிளினிக்குக்கு வந்து என் மேசை முன்னால் நின்றான்.

"அக்கா, டாக்டர் இருக்காரா?"

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மாமா போன் பண்ணினார். முட்டியைக் காட்டிடு, தள்ளிப் போடாதன்னார். ரெண்டு தடவை சொன்னார். சொல்லிட்டு உடனே வெச்சுட்டார்."

பள்ளிக்கூடத்தில் கைப்பந்து ஆடி விழுந்ததிலிருந்து அவனுக்கு வலது முட்டி படியேறும்போது சொடுக்குப் போடும். வலி கிடையாது, சத்தம் மட்டும்தான். அதை என் வீட்டுக்காரர் கவனித்து வைத்திருக்கிறாரே என்று எனக்கு அன்று உச்சி குளிர்ந்துவிட்டது. கூட்டத்தைத் தாண்டி அவனை உள்ளே அனுப்பினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். தம்பி சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "மாமாகிட்ட சொல்லிடு, இன்னும் அம்பது வருஷத்துக்கு கேரண்டியாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலை அவர் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது, "தம்பி முட்டியைக் காட்டிட்டான்" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க?"

"எங்கயா? நம்ம இடத்துலதான்."

"என்ன சொன்னாங்க?"

"நல்லா பாத்தாங்க. ஒண்ணுமில்ல, கவலையே வேண்டாம்னுட்டாங்க."

"அப்பாடா" என்றார். அப்படி ஒரு மூச்சு விட்டார். அன்று அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியமாக இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் தம்பி போய்விட்டான். பகல் நேரம். மழை விட்டிருந்தது. பின் சீட்டில் மகளை உட்காரவைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். வளைவில் வண்டி வளையாமல் நேராகப் போய் ஒரு கிடங்கின் சுவரில் மோதியது. தம்பி அங்கேயே முடிந்துவிட்டான். குழந்தையின் இடது கால் இருக்கைக்குக் கீழே மாட்டி நசுங்கிவிட்டது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. குடும்பத்தில் எல்லோரும் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம்.

கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். முன்பக்கம் முழுக்க அப்பளமாக நொறுங்கியிருந்ததால் பார்ப்பதற்கே அங்கு ஒன்றுமில்லை. திருப்ப முயன்றதற்கு அறிகுறி இல்லை, முந்தைய இரவு பணிக்குப் போயிருக்கிறார், ஓட்டுநர் கண் அயர்ந்திருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி நடைபாதையில், வாண்டுக்கு உள்ளே அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது, "வண்டியில ஏதாவது கோளாறு இருந்திருக்குமோ?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இல்ல. வண்டி மேல தப்பு இருக்கவே இருக்காது. எனக்கு நல்லாத் தெரியும்."

தம்பி மனைவி அந்தப் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் மருந்துக்கடையில் பில் போடுபவள், எண்ணி எண்ணிப் பேசுபவள். அவனைப் பற்றி அன்றிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "தூங்கறதுக்கு வேற இடமே கிடைக்கலையா அவருக்கு? குழந்தையைப் பின்னாடி வெச்சுக்கிட்டுத்தான் தூங்கணுமா?" என்பாள். அழ மாட்டாள். வாண்டுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒரு நாள் நான் தம்பியின் படம் ஒன்றை எடுத்துக் காட்டியபோது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அப்பாதான் தூங்கி என் காலை உடைச்சார்" என்றது. அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

என் தம்பி தூங்கவில்லை. இதை மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாட்சி என்ன என்று கேட்டால் என்னிடம் எதுவும் கிடையாது. கூடப் பிறந்தவள் என்பது ஒன்றுதான். அவர் கம்பெனி வண்டியில் அதற்குப் பிறகு நான் ஏறவில்லை. எங்கள் பழைய கார் வாசலில் நிற்க, நான் பஸ்ஸுக்கு நிற்பேன். கடைசியில் அதுவும் ஓய்ந்து பழைய இரும்புக்குப் போனது.

வாண்டுக்கு வாரத்தில் மூன்று நாள் கால் பயிற்சி. ஊரின் அந்தக் கோடியில். இரண்டு பஸ் மாற வேண்டும். காலில் இரும்புக் கவசத்தோடு அவளைத் தூக்கி ஏற்றி இறக்கித் தம்பி மனைவிக்கு முதுகே போய்விட்டது. "ஒரு வண்டி எடுத்துடலாம், நானே கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேன்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மனசு நல்ல மனசுதான். ஓய்வு பெறுவதற்குள் எடுத்தால் ஊழியர் தள்ளுபடியும் உண்டு. நான் ஒரே பேச்சில் முடித்தேன்.

"அந்தக் கம்பெனி வண்டியில வாண்டு ஏறணும்னா நான் செத்த பிறகு ஏத்துங்க."

ஒரு மாதம் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒரு நாள் அவரே, "சரி, அவங்க வண்டியையும் ஒரு பார்வை பாத்துடலாம்" என்றார். சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே, பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

ஷோரூம் கண்ணாடி மாளிகையாக இருந்தது. தரையில் முகம் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு விற்பனைப் பெண் ஓடி வந்து இரண்டு தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். "சார் முன்னாடி எந்த பிராண்ட் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அவர் தொப்பியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, "சும்மா... ஒரு பழைய வண்டி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் கம்பெனி வண்டியை மறுத்துப் பேசி அன்றுதான் கேட்டேன். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

வெள்ளை நிறத்தில் ஒன்றை எனக்குப் பிடித்துப்போயிற்று. பின் கதவு அகலம், வாண்டு காலை மடக்காமல் ஏறலாம். விற்பனைப் பெண் திரை, கேமரா, குளிர்சாதனம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். என் வீட்டுக்காரர் அதில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பெடல்களுக்குப் பக்கத்தில் தலையை நுழைத்தார். போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டார். பாதி உடம்பு வண்டிக்குள், பாதி வெளியே.

"சார் என்ன தேடறாங்க?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

"அவர் அப்படித்தான். நீ போய் விலைப் பட்டியல் எடுத்துட்டு வா" என்று அனுப்பினேன்.

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரிக்கிறார்.

"இங்க பாரேன்! இவங்களும் அதே இடத்துலதான் வாங்கறாங்க. அதே முத்திரை. பெரிய இவனுங்க மாதிரி விளம்பரம் குடுப்பானுங்க, உள்ள பாத்தா அதே முட்டி!"

"அதே என்ன?"

"முட்டி. ஸ்டீரிங்குக்குக் கீழ மடங்குது பாரு, இந்த இணைப்பு. அதை நாங்க முட்டின்னுதான் சொல்லுவோம். ஸ்டீரிங்கைத் திருப்பினா இதுதான் சக்கரத்துக்குச் சொல்லும். இது நழுவிட்டா ஸ்டீரிங் சும்மா சுத்தும், வண்டி பாட்டுக்கு நேரா போகும்." அவர் மெல்ல வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "இது புது லாட், பயமில்ல. நடுவுல ஒரு லாட்தான் சரியில்லாம வந்துச்சு. சர்வீஸுக்கு வர்ற வண்டியில சத்தம் போடாம மாத்திக் குடுத்துடுங்க, வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு மேலயிருந்து உத்தரவு. உன் தம்பி வண்டியும் அந்த லாட்தான்."

நான் அவர் பக்கம் குனிந்தேன். "என் தம்பி வண்டியா?"

"அதான் அவனுக்கு அப்பவே போன் போட்டேனே. ஃபோர்மேன் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தார், விவரமா பேச முடியல. முட்டியைக் காட்டிடுடான்னேன். அவனும் காட்டிட்டான். நல்லா இருக்குன்னுட்டாங்கன்னு நீதானே வந்து சொன்ன? அந்தத் தைரியத்துலதான் நான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில அப்படி அடிச்சுச் சொன்னேன். நீ மூணு வருஷமா என்னைத் திட்டிக்கிட்டிருக்க. தெரியாமலா ஒரு மனுஷன் வண்டி மேல தப்பில்லன்னு சொல்லுவான்?"

அவர் முகம் தெளிவாக இருந்தது. பழி சுமந்தவர் கடைசியில் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி முடித்த தெளிவு. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டால் போதும், அந்தத் தெளிவு அவர் சாகும்வரை அவரிடமே இருக்கும். வண்டியை வாங்கலாம், வாண்டைப் பயிற்சிக்குக் கூட்டிப் போகலாம், என் தம்பி தூங்கிப்போனவனாகவே இருந்துவிடுவான். ஒரு நிமிஷம் நான் அதையும் யோசித்தேன். பிறகு அந்தக் குழந்தை படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அவன் கால் முட்டியைக் காட்டினான்" என்றேன்.

"என்ன?"

"என் கிளினிக்குக்கு வந்தான். கால் முட்டியைக் காட்டினான். எக்ஸ்ரே எடுத்தாங்க. நான்தான் அவனை உள்ள அனுப்பினேன்."

அவர் அரைச் சிரிப்போடு என்னைப் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்று, முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது.

"நம்ம இடத்துலன்னு சொன்னியே?"

"எனக்கு நம்ம இடம்னா கிளினிக்தான்."

"நான் நம்ம சர்வீஸ்னு..." திறந்திருந்த கார் கதவைப் பிடித்துக்கொண்டார். "நீயாவது கால்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

எனக்குள் என்னவோ அறுந்தது. "நான் சொல்லியிருக்கணுமா? வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திட்டு, 'வண்டியில கோளாறு இருக்குடா, ஓட்டாதே'ன்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்ன கேடு? என்கிட்ட சொல்ல என்ன கேடு? அந்த ஒரு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமைகூடவா கிடைக்கல?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க" என்றார்.

"நான் வெளியவா?"

விற்பனைப் பெண் விலைப் பட்டியலோடு வந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "மேடம், டெஸ்ட் டிரைவ் போகலாமா?" என்றாள். இன்னொரு நாள் வருகிறோம் என்று அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். தொப்பியை உள்ளேயே விட்டுவிட்டார். திரும்பிப் போய் எடுக்கத் தோன்றவில்லை.

தம்பி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அவரும் ஏறினார். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. நான்கைந்து நிறுத்தம் போன பிறகு, "வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். ஓய்வு பெறும்போது வர்ற பணமும் வராது" என்றார்.

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். உங்க வாயால சொன்னா உங்களுக்கு நல்லது."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்துத் தடத்தில் அவர்கள் கம்பெனி வண்டி ஒன்று பஸ்ஸோடு கூடவே வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி மனைவி வாண்டின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததில் அவளுக்கு ஆச்சரியம். "வாங்கண்ணி, வாங்கண்ணா. வண்டி எடுத்தாச்சா?" என்று கேட்டாள். உள் அறையில் வாண்டு தரையில் குப்புறப் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். கவசம் சுவரில் சாய்ந்திருந்தது.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "ஒரு விஷயம் சொல்லணும்மா. நடுவுல ஒரு லாட்ல சின்னதா ஒரு குறைபாடு இருந்துச்சு. அதை அவங்க அப்பப்போ..."

"சின்னதா?" என்றேன்.

நிறுத்தினார். தரையைப் பார்த்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை ஒழுங்காகச் சொன்னார். வண்டியில் கோளாறு இருந்தது. கம்பெனிக்குத் தெரியும், தனக்கும் தெரியும். போனில் முட்டி என்று சொன்னது வண்டியின் பாகத்தை. அவன் போய்க் காட்டியது காலை. நம்ம என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

தம்பி மனைவி இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். சீருடையை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள்.

"அவருக்கு முட்டி வலிக்கவே இல்லையே" என்றாள். "நைட் டூட்டி முடிச்சிட்டு வந்தவர், படுக்காம கிளம்பினார். வலிக்காத முட்டியை எதுக்குப் போய் காட்டணும், பேசாம படுங்கன்னு திட்டினேன். 'மாமா காரணம் இல்லாம சொல்ல மாட்டார், போயிட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனார்."

என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா என்று தெரியவில்லை. போய்த் தொட்டு ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

"அப்போ அவர் தூங்கல" என்றாள் அவள். யாரிடமும் கேட்கவில்லை. "நான் என்னென்னவோ சொல்லிட்டேன் அண்ணி அவரை." சீருடையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன்.

நிதானத்துக்கு வந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "இதை அந்தக் கம்பெனிக்காரங்க முன்னாடி சொல்லுவீங்களா?"

"சொல்றேன்" என்றார். சொல்வாரா என்று எனக்கு அப்போது தெரியாது.

"அதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல உள்ள போய் அவகிட்ட சொல்லுங்கண்ணா. நான் சொன்னா நம்ப மாட்டா. அவ்வளவு தூரம் சொல்லி வெச்சிருக்கேன்."

அவர் எழுந்து உள் அறைக்குப் போனார். நாங்கள் இருவரும் வாசல்படியில் நின்றுகொண்டோம். அவர் வாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் வரைவதை நிறுத்தவில்லை.

"வாண்டு, மாமா ஒண்ணு சொல்றேன், கேக்கறியா? அன்னிக்கு அப்பா தூங்கலம்மா."

"தூங்கிட்டார்னு அம்மா சொன்னாங்களே."

"அம்மாவுக்குத் தெரியாது. அப்பா முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கார். உன்னை பத்திரமா கூட்டிட்டு வரத்தான் பாத்திருக்கார். வண்டியைத் திருப்பினா திரும்பாது, அந்த வண்டி கெட்டுப் போயிருந்துச்சு. அது அப்பாவுக்குத் தெரியாது."

அவள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். தன் காலைப் பார்த்தாள். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அப்போ நான் அப்பா மேல கோவமா இருக்க வேணாமா?"

"வேணாம்மா."

"வேற யார் மேல இருக்கணும்?"

கம்பெனியைச் சொல்லுவார் என்று நான் நினைத்தேன். மேலிடத்தைச் சொல்லலாம், ஃபோர்மேனைச் சொல்லலாம், அந்த இன்ஜினியரைச் சொல்லலாம். என்னைக் கைகாட்டினால்கூட நான் ஏதும் சொல்லியிருக்க மாட்டேன்.

"மாமா மேல" என்றார்.

வாண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி மாமா" என்றாள்.